போத்தனூர்க் காலனியும் ஏலக் கூடமும்

1862-இல் சென்னை ரயில்வேயின் இருப்புப்பாதை மேற்குக் கரையோடு இணைந்தபோது கோயம்புத்தூருக்கு ரயில் வரவில்லை. போத்தனூருக்குத்தான் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் பட்டாம்பிப் பக்கத்துப் பாதையும் மே மாதத்தில் சங்ககிரிப் பக்கத்துப் பாதையும் அங்கே வந்து சேர்ந்தன. கோவை நகரத்துக்குக் கிளைப்பாதை கிடைக்கப் பதினோரு ஆண்டு ஆயிற்று. 1873-இல் அது மேட்டுப்பாளையம் வரை நீண்டது, 1915-இல் பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ் பாதை பிரிந்தது. இப்படி நாலு பக்கமும் பாதை பிரியும் சந்திப்பில் டிரைவர், கார்டு, ஃபயர்மேன், தந்திக்காரர், பாதை இன்ஸ்பெக்டர் என்று ஒரு ரயில்வே ஊரே உருவானது. ஊரார் சட்டைக்காரர்கள் என்று அழைத்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் அங்கே திரளாகக் குடியிருந்தன. வெளியூர்க்காரர்களுக்குப் போத்தனூர் என்றால் 1921 நவம்பரில் திரூரிலிருந்து மூடிய வேகனில் அடைத்து அனுப்பப்பட்ட மலபார் மாப்பிளா முஸ்லிம் கைதிகள் மூச்சுமுட்டி இறந்துகிடந்த கொடுமை நினைவுக்கு வரும். இல்லையென்றால் நீலகிரிக்கு வண்டி மாறுகிற இடம் என்பார்கள். ஹாக்கியை யாரும் நினைப்பதில்லை. ஆனால் இன்று கோடிகளைக் கொட்டி ஏலத்தில் கட்டப்படும் ஹாக்கி அணிகள் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கின்றன, அவற்றின் இளம் நட்சத்திரங்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், போத்தனூர் போன்ற ரயில்வே காலனிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். இந்தியாவில் ஹாக்கியைப் பிழைப்பாக ஆக்கிய முதல் ஏற்பாடு அந்தக் காலனிதான்.

ஜபல்பூர், கரக்பூர், பெரம்பூர், போத்தனூர் என்று எங்கே போனாலும் ரயில்வே குடியிருப்பின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வரிசை வீடுகள், தேவாலயம், பள்ளிக்கூடம், நடனத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் ஓர் இன்ஸ்டிட்யூட், அருகிலேயே ஒரு திடல். பையன் பள்ளியில் மட்டையைப் பிடித்தால் மாலையில் அதே திடலில் அப்பாவின் வயதுக்காரர்களோடு ஆடலாம். நன்றாக ஆடுகிறவனுக்கு ரயில்வேயில் வேலை காத்திருந்தது. வேலை கிடைத்தபின் ஆட்டத்துக்காக விடுப்பும் பயணச் சீட்டும் கிடைத்தன. ஒலிம்பிக் விதிப்படி இவர்கள் எல்லாரும் அமெச்சூர்கள். உண்மையில் மட்டைதான் இவர்களுக்குச் சோறு போட்டது. ரயில்வேக்களின் விளையாட்டை ஒருங்கிணைக்க 1928-இல் ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாமில் இந்தியா தன் முதல் ஹாக்கித் தங்கத்தை வென்றதும் அதே ஆண்டில்தான். அந்த அணியில் கோல்காப்பாளர் ரிச்சர்ட் ஆலன் தொடங்கி பிரூம் பின்னிஜர், லெஸ்லி ஹாமண்ட், ரெக்ஸ் நாரிஸ், ஜார்ஜ் மார்த்தின்ஸ் வரை பெரும்பகுதி ஆங்கிலோ-இந்தியர்கள். தியான் சந்தின் புகழில் இவர்கள் பெயர்கள் மங்கிவிட்டன. அது வேறு கதை. பந்து தியான் சந்துக்கு வந்து சேரக் காரணமாக இருந்தவர்கள் இவர்கள்.

இந்த ஏற்பாட்டின் வலிமைக்குச் சிறந்த சான்று லெஸ்லி கிளாடியஸ். பிலாஸ்பூரில் 1927-இல் பிறந்த அவர் கால்பந்துக்காரர். வங்காள-நாக்பூர் ரயில்வேயின் கரக்பூர்த் திடலில் இரண்டு அணிகள் பயிற்சி ஆட்டம் ஆடின. ஓர் ஆள் குறைந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கிளாடியஸை அழைத்து மட்டையைக் கையில் கொடுத்தவர் டிக்கி கார், 1932 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அடுத்த சில ஆண்டுகளில் கிளாடியஸ் லண்டன் ஒலிம்பிக் அணியில் இருந்தார். 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம், 1960-இல் தலைவராக வெள்ளி. இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வது வழக்கம். நான் அதை அமைப்பின் கதையாகப் பார்க்கிறேன். ஒரு சாதாரண மாலையில், ஒரு ரயில்வே ஊரில், ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒருவர் பயிற்சி ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஓரத்தில் நின்ற பையன் யாராக இருந்தாலும் அவர் கண்ணில் பட்டிருப்பான். இன்றைய அணிகள் பெரும் பணம் கொடுத்து வாங்க முயல்வது அந்தக் கண்ணைத்தான்.

இன்னொரு சான்று கடல் கடந்து கிடைக்கிறது. 1947-ஐ ஒட்டி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயரத் தொடங்கின. ஜபல்பூரிலிருந்து பெர்த் நகருக்குப் போன பியர்ஸ் குடும்பத்தில் செசில், மெல், எரிக், கார்டன், ஜூலியன் என்று ஐந்து சகோதரர்கள் ஆஸ்திரேலியாவுக்காக ஆடினார்கள். எரிக் மட்டும் 1956 தொடங்கி 1968 வரை நான்கு ஒலிம்பிக். ஒலிம்பிக் ஹாக்கியில் 1956-இல்தான் முதன்முதலாகக் காலடி வைத்த ஆஸ்திரேலியா 1964-இல் வெண்கலமும் 1968-இல் வெள்ளியும் வென்றது. பன்னிரண்டு ஆண்டில் ஓர் அணி இப்படி எழுந்ததற்கு அந்த நாட்டின் உழைப்பு முதற்காரணம். ஆனாலும் நம் ரயில்வே ஊர்களில் விளைந்த அறிவு மூட்டை முடிச்சோடு அங்கே போய் இறங்கியதை மறுக்க முடியாது. போத்தனூரிலும் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. குடியேற்றம் மட்டும் காரணமில்லை. ரயில்வே, சுங்கம், தபால்-தந்தித் துறைகளில் ஆங்கிலோ-இந்தியர்களுக்கு இருந்த ஒதுக்கீட்டை அரசியலமைப்பின் 336-ஆம் பிரிவு படிப்படியாகக் குறைத்துப் பத்தாண்டில் முடித்துவிட்டது. அந்தக் கெடு 1960 ஜனவரியில் தீர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ரோமில் பாகிஸ்தானிடம் இந்தியா தங்கத்தை இழந்தது. ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே சரிவின் இரண்டு தடங்கள் என்று மட்டும் சொல்லலாம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்தக் காலனி என்ன பொதுச் சொத்தா? வெள்ளையர் ஆட்சி தன் வசதிக்காக ஒரு சிறு சமூகத்துக்கு வேலையையும் திடலையும் ஒதுக்கி வைத்தது. பாதை போட்ட, கரி அள்ளிய தமிழ்க் கூலிகளின் பிள்ளைகள் அந்தத் திடலுக்கு வெளியேதான் நின்றார்கள். அதற்காக ஏங்குவது சரியா? ஏங்கவில்லை. அந்த வேலி இருந்தது உண்மை, அது போனது நல்லது. என் குறை வேறு. வேலியை எடுத்தபோது உள்ளே இருந்த ஏற்பாட்டை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டிருக்க வேண்டும். பள்ளி, திடல், மூத்த ஆட்டக்காரரின் கண், பதினெட்டு வயதில் ஒரு வேலை என்ற அந்தச் சங்கிலியை நாம் துண்டு துண்டாக வைத்துக்கொண்டோம். வேலை மட்டும் தொடர்ந்தது. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, சுங்கத்துறை, காவல்துறை என்று சென்னையின் இலாகா அணிகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் பையன்களை எடுத்தன. அந்த அணிகளும் போட்டிகளும் பெரும்பாலும் சென்னையோடு நின்றன. 1996-இலும் 2005-இலும் சாம்பியன்ஸ் டிராபி நடந்த எழும்பூர் செயற்கைத் தரையிலிருந்து கோவைப் பையன் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தான்.

அப்படியும் ஒருவர் வந்தார். 1984-இல் கோயம்புத்தூரில் பிறந்த ஆடம் சின்க்ளேர் 2004 ஜனவரியில் அஸ்லான் ஷா போட்டியில் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கி, அதே ஆண்டு ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக் சென்றார். பெற்றோர் வழியில் தமிழரான, புணேயின் கட்கியில் வளர்ந்த தன்ராஜ் பிள்ளைக்கு அது நான்காவது ஒலிம்பிக். முன்கள வீரரான சின்க்ளேருக்கு இருபது வயது. ஓர் அணியை மறுபடி கட்ட நினைக்கிறவர்கள் கனவு காணும் கூட்டணி இது: விடைபெறும் மூத்தவரும் வந்து சேரும் இளையவரும் ஒரே அணியில். இந்தியா ஏழாம் இடம் பெற்றது. மறு ஆண்டு பிரீமியர் ஹாக்கி லீக் வந்தது. சென்னை வீரன்ஸ் என்று நமக்கும் ஓர் அணி. பெயரில் சென்னை இருந்தாலும் முதல் ஆண்டு ஆட்டம் முழுவதும் ஐதராபாத்தின் கச்சிபௌலி அரங்கில் நடந்தது. நான்கு பருவங்களோடு லீக் முடிந்துபோனது. 2008 மார்ச்சில் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, முதன்முறையாக ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாமல் இந்திய அணி திரும்பியது. அடுத்த மாதம் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்யப்பட்டது. நான்கு ஆண்டு என்பது ஒரு பதினான்கு வயதுப் பையன் பதினெட்டை எட்டும் காலம். அந்தப் பையன் ஆயத்தமானபோது அணியே இல்லை.

2012-இல் உலகத் தொடர் ஹாக்கி என்று இன்னொன்று வந்தது. அதில் சென்னை சீட்டாஸ். அதிகாரபூர்வ அமைப்பான ஹாக்கி இந்தியா அதை ஏற்கவில்லை, ஒரே பருவத்தில் ஓய்ந்தது. 2013 முதல் 2017 வரை நடந்த முதல் ஹாக்கி இந்தியா லீகில் தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. பிறகு ஏழாண்டு இடைவெளி. 2024 டிசம்பரில் லீக் புத்துயிர் பெற்றபோது தமிழ்நாடு டிராகன்ஸ் வந்தது, எட்டு அணிகளில் நான்காம் இடம் பெற்றது. புது அணிக்கு இது நல்ல தொடக்கம். கோப்பையை வங்காளத்தின் ராட் பெங்கால் டைகர்ஸ் தட்டிச் சென்றது. முன்னேற்றப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த நான்காம் இடத்தைப் பெரிதாகச் சொல்வார்கள். நான் வேறு இரண்டு விவரங்களைப் பார்க்கிறேன். அந்தப் பருவத்தின் ஆண்கள் ஆட்டங்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே நடந்தன, ஆகவே டிராகன்ஸ் தன் மாநிலத்தில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அணி ஏலத்தில் எடுத்த முக்கிய இந்தியர் அமித் ரோஹிதாஸ் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துக்காரர், ரூர்கேலாவின் பான்போஷ் விளையாட்டு விடுதியில் பயின்றவர். தமிழ்நாட்டு அணியின் தற்காப்பை ஒடிசாவின் விடுதி கட்டிக் கொடுத்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வீரர்கள் மாநிலம் மாறி ஆடுவது லீகின் இயல்பு. ஆனால் கணக்கை எழுதும்போது வரவு யார் பக்கம் என்று தெரிய வேண்டும். சுந்தர்கரின் பழங்குடிக் கிராமங்களிலிருந்து திலீப் திர்க்கி முதல் ரோஹிதாஸ் வரை வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த விடுதி தொடங்கப்பட்டது 1985-இல். ஒடிசா அரசு தேசிய அணிக்குப் புரவலராக ஆனது 2018-இல்தான். நாற்றங்கால் முதலில், பணம் பிறகு.

அணியை மீண்டும் கட்டுவதை ஒரு கலையாகவே வளர்த்திருப்பது வட அமெரிக்காவின் பனி ஹாக்கி லீக். அது வேறு ஆட்டம், ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். அங்கே முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிகளுக்கு இளையவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வாய்ப்புகள் கிடைக்க வழி உண்டு. மொன்ட்ரியால் 2022-இல் ஸ்லாஃப்கோவ்ஸ்கியையும், சிகாகோ 2023-இல் கானர் பெடார்டையும், சான் ஹோசே 2024-இல் மக்லின் செலிப்ரினியையும் முதல் ஆளாக எடுத்தன. மூன்றும் விழுந்து எழுந்துகொண்டிருக்கும் அணிகள். இவற்றை ஒப்பிடுகிற ரசிகர்கள் யாருடைய நட்சத்திரம் பெரியவர் என்றே கேட்கிறார்கள். எட்மன்டனைப் பார்த்தால் அந்தக் கேள்வி போதாது என்று தெரியும். 2010, 2011, 2012 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு முதல் வீரரை எடுத்தும் அந்த அணி தேறவில்லை. 2015-இல் கானர் மெக்டேவிட் வந்தும், பத்துப் பருவ வறட்சிக்குப் பிறகு 2017-இல்தான் பிளேஆஃப் சுற்றை எட்டியது. மறுபக்கம், 2024-25 பருவத்தின் சிறந்த புதுமுகமாகத் தேர்வான மொன்ட்ரியாலின் லேன் ஹட்சன், ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்த அதே 2022 டிராஃப்டில் அறுபத்திரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர். முதல் பெயரை யாரும் சரியாகச் சொல்லிவிடலாம். அறுபத்திரண்டாம் பெயரைக் கண்டெடுக்க, கீழே ஆயிரக்கணக்கான பையன்கள் ஆட வேண்டும், அவர்களைப் பார்க்க ஆளும் இருக்க வேண்டும். கரக்பூரில் டிக்கி கார் செய்ததும் அதுவே.

லீகின் ஆதரவாளர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. பணம் வந்தால்தான் பெற்றோர் பிள்ளையை ஹாக்கிக்கு அனுப்புவார்கள். நெதர்லாந்தின் யிப் யான்சன் போன்றவரோடு ஒரே ஓய்வறையில் ஒரு மாதம் இருப்பது பத்துப் பயிற்சி முகாமுக்குச் சமம். 1976 மொன்ட்ரியால் ஒலிம்பிக்கோடு ஹாக்கி செயற்கைத் தரைக்குப் போய்விட்டது, மண் திடலின் கதையைச் சொல்லி என்ன பயன் என்றும் கேட்கலாம். இதற்குப் பெல்ஜியம் பதில் சொல்கிறது. 1976-க்குப் பிறகு 2008 வரை ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹாக்கிக்குத் தகுதியே பெறாத நாடு அது. இளையோர் திட்டத்தையும் ஊர்க் கிளப்புகளையும் பொறுமையாக வளர்த்தது. 2016-இல் வெள்ளி, 2018-இல் புவனேஸ்வரில் உலகக் கோப்பை, டோக்கியோவில் தங்கம். வெளிநாட்டு நட்சத்திரங்கள் மின்னும் பெரும் ஏல லீக் எதுவும் அங்கே இல்லை. தரை செயற்கையா மண்ணா என்பதைவிட அது பையனின் வீட்டிலிருந்து எத்தனை தூரம் என்பதே முக்கியம் என்று அது காட்டுகிறது. லீக் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. லீகை மாத்திரம் வைத்து முன்னேற்றத்தை அளப்பதுதான் பிழை.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இதற்கு உயிருள்ள சான்று கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் ஆலைகளுக்கும் பேர்போன அந்தக் கரிசல் ஊரில் தெருவுக்குத் தெரு ஹாக்கி உண்டு, அகில இந்தியப் போட்டி உண்டு, விளையாட்டு ஆணையத்தின் சிறப்பு விடுதியும் உண்டு. உள்ளூர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரிலிருந்து அந்த விடுதிக்கு வந்த செல்வம் கார்த்தியும் 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தார்கள். காவலாளியின் மகனான கார்த்தி 2023-இல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் சொந்த மாநில ரசிகர்கள் முன் கோல் அடித்தார். இந்தியா கோப்பையை வென்றது. பிறகு டிராகன்ஸும் அவரை எடுத்தது. டிராகன்ஸின் இளம் நட்சத்திரம் யார் என்று கேட்டால் கார்த்தி என்பேன், ஆனால் அவரை உருவாக்கிய பெருமையில் டிராகன்ஸுக்குப் பங்கில்லை. ரயில்வே காலனி செய்ததைக் கோவில்பட்டி வேலியில்லாமல் செய்திருக்கிறது.

கோவையில் காசுக்கோ புரவலருக்கோ பஞ்சமில்லை. கோவையின் லட்சுமி மில்ஸுக்குக் கோவில்பட்டியிலேயே ஆலை உண்டு. அந்தக் குடும்பத்தின் கரிவரதன் பந்தயக் கார்களைத் தானே வடிவமைத்து இளைஞர்களை ஓட்ட வைத்தார். போத்தனூருக்குப் பக்கத்திலேயே செட்டிபாளையத்தில் அவர் பெயரால் பந்தயத் தடம் இருக்கிறது. சென்னை வீரன்ஸ் களமிறங்கிய அதே 2005-இல் கோவையின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். பட்டறையும் தடமும் புரவலரும் ஓரிடத்தில் சேர்ந்தால் கொங்கு மண்ணில் உலகத்தர ஆட்டக்காரர் விளைவார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அத்தனை செலவு பிடிக்கும் பந்தயத்துக்குக் கிடைத்த ஆதரவில் சிறு பங்குகூட ஒரு மட்டையும் பந்தும் போதுமான ஹாக்கிக்குக் கிடைக்கவில்லை. ஆர்.எஸ். புரத்தில் செயற்கைத் தரைத் திடலுக்கு 2025-இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். எழும்பூரில் முதல் சாம்பியன்ஸ் டிராபி நடந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டு கழித்து.

2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 2026 ஜனவரியில் லீகின் புதிய பருவமும் எழும்பூரில் தொடங்க, டிராகன்ஸ் ஒருவழியாகச் சொந்த மண்ணில் ஆடியது. அரங்கு, பணம், அணி எல்லாம் வந்துவிட்டன. இனி இந்த அணி எத்தனாவது இடம் வந்தது என்று கேட்பதோடு, அதில் ஆடுகிற தமிழ்நாட்டுப் பையன்கள் எத்தனை பேர், அவர்கள் பன்னிரண்டு வயதில் எந்த ஊர்த் திடலில் ஆடினார்கள் என்றும் வாசகர்கள் கேட்க வேண்டும். ஆடம் சின்க்ளேரின் ஏதென்ஸுக்குப் பிறகு லண்டன், ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று நான்கு ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் ஹாக்கி அணி ஆடிவிட்டது. நான்கிலும் தமிழ்நாட்டு வீரர் ஒருவர்கூட இல்லை.